எரிச்சல் எல்லாம் சூடு அல்ல

உப்பளத்தில் வேலை செய்யும் பெண் சிறுநீர் எரிகிறது என்றால், "சூடு பிடிச்சிருக்கு, இளநீ குடி" என்பார்கள். தவறில்லை. மரக்காணம் வெயிலில், ஒதுங்க மறைவில்லாத பாத்திகளுக்கு நடுவே, தண்ணீரைக் குறைத்துக் குடித்துச் சிறுநீரையும் அடக்கிக்கொண்டு நிற்கும் உடம்புக்கு நீர்க்கடுப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் கிளியனூரில் உப்பளத்தையே மிதிக்காதவருக்கும் இதே வைத்தியம்தான். ஓரிரு நாளில் தணியாத எரிச்சல், நாற்றத்தோடு நிறம் மாறி வரும் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, ஆணுறுப்பில் சீழ், தொடை இடுக்கில் நெறி கட்டுதல் போன்றவை இளநீருக்கு அடங்காது. பால்வினை நோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பரிசோதித்தால்தான் தெரியும்.

இவற்றில் ஏமாற்றுக்காரன் சிபிலிஸ். பிறப்புறுப்பில் வலியில்லாத புண் வரும், சில வாரங்களில் தானே ஆறிவிடும். களிம்பு போட்டவர் களிம்பைப் புகழ்வார், போடாதவர் குலசாமியை. கிருமி உள்ளேயே இருக்கும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு வரலாம், ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை இறந்தே பிறக்கக்கூடும். இத்தனைக்கும் பெனிசிலின் ஊசிக்குக் கட்டுப்படும் நோய் இது. கர்ப்பத்தைப் பதியும்போது ரத்தம் எடுப்பது இதற்காகவும்தான், தட்டிக்கழிக்காதீர்கள்.

வெட்டை நோயும் கிளமிடியாவும் பல பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. கணவனிடமிருந்து வந்த கிருமி கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். பிள்ளை இல்லை என்ற பேச்சை வாங்குவது மனைவி. ஆகவே சிகிச்சை இருவருக்கும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் நோய் திரும்பி வரும். தடுப்புக்கு ஆணுறை, அதில் தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் கிழியும். ஹெபடைடிஸ் பி-க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் தரும் எச்.பி.வி.க்கும் தடுப்பூசி உண்டு.

பேருந்து நிலையச் சுவர்களில் 'ரகசிய நோய்' விளம்பரம் ஒட்டும் லாட்ஜ் வைத்தியரிடம் போகாதீர்கள். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் சிகிச்சை இலவசம். அறிகுறிக்கேற்ப நிறம் பிரித்த மருந்துப் பொட்டலம் தருவார்கள்: சீழ் வடிதலுக்குச் சாம்பல், புண்ணுக்கு வெள்ளை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்து கிடைக்கும். அவருக்குச் சிகிச்சை தர மறுக்க எந்த மருத்துவமனைக்கும், தனியாருக்கும்கூட, உரிமையில்லை.

இனி, சோதனைக்குப் போக விடாமல் தடுக்கும் அச்சம்: சொல்லாமல் சோதித்து ஊருக்குத் தெரியப்படுத்திவிடுவார்களோ என்பது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா காப்பகத்துப் பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். எந்த நோய்க்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற்றே சோதிக்க வேண்டும். முடிவை ஊருக்கோ முதலாளிக்கோ சொல்லக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவதும், சிகிச்சை மறுப்பதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காததும் சட்டவிரோதம். மீறினால் விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.

முகம் காட்டத் தயங்குபவர்கள் முதலில் 1097-க்குப் பேசலாம். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.