முதல் எலக்ட்ரிக் கிட்டார்: கடையில் அரை மணி நேரம், கையில் மூன்று மாதம்

சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு பல வீடுகளில் தொடங்கும் நச்சரிப்புகளில் இதுவும் ஒன்று: "அப்பா, ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தாங்களேன்." நாவலப்பிட்டியில் அதற்கு வேலையும் இல்லாமலில்லை. தேவாலயப் பாடற்குழு, பாடசாலை விழா, கல்யாண வீட்டு இசைக்குழு என்று மேடைகள் இருக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பொப் இசை ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்திலிருந்தே கிட்டாரோடு வளர்ந்தது. பரனோயிட் ஏர்த்லிங் என்ற ரொக் குழு உருவானதும் நமது கண்டியில்தான்.

ஆசை நியாயமானது. சிக்கல் வாங்கும் இடத்தில் இருக்கிறது. பணம் கொடுப்பவருக்குப் பெரும்பாலும் கிட்டார் தெரியாது. வாசிக்கப் போகும் பிள்ளைக்குச் சட்டம் தெரியாது. நல்ல தெரிவு வேண்டுமென்றால் கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டிக்கோ, அதற்கும் அப்பால் கொழும்புக்கோ போக வேண்டும். குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும் என்றால், பலர் "சரி, கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். மலிவான கிட்டாரில் நட்டம் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

சோதிப்பது சட்டத்துக்கும் தேவை

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அப்பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரியிடம், இன்ன பொருள் என்று சொல்லி வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலே உண்டு. "பிள்ளை பழகுவதற்கு" என்று நோக்கத்தைச் சொல்லி, கடைக்காரரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், அந்த நோக்கத்துக்கு அது பொருந்தவும் வேண்டும்.

அதே சட்டத்தில் வாங்குபவருக்கு ஒரு கடிவாளமும் இருக்கிறது. பொருளை நீங்கள் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தத் தர நிபந்தனையை எழுப்ப முடியாது. மேலோட்டமாகத் தடவிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதைவிட, ஒழுங்காகச் சோதித்துக் குறையைக் கடையிலேயே சொல்வது உங்கள் கையைப் பலப்படுத்தும்.

கையிலுள்ள பணத்தைப் பிரியுங்கள்

எலக்ட்ரிக் கிட்டார் தனியாகப் பாடாது. ஆம்ப், இணைப்பு வயர், தோள் பட்டி, பிக், மாற்றுக் கம்பி ஒரு செட், மழைக்குத் தாங்கும் பை என்று எல்லாம் சேர வேண்டும். கையில் நூறு பங்கு இருந்தால் அறுபதுக்கு மேல் கிட்டாருக்குக் கொடுக்காதீர்கள். ஐந்து பங்கையாவது செட்டிங்குக்கு, அதாவது கம்பியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் தெரிந்த ஒருவரைக் கொண்டு சரிசெய்வதற்கு ஒதுக்குங்கள். நன்றாகச் செட் செய்த மலிவான கிட்டார், செட் செய்யாத விலை கூடிய கிட்டாரைவிட விரலுக்கு இதமாக இருக்கும். ட்யூனருக்குத் தனியாகச் செலவு வேண்டாம். கைத்தொலைபேசிச் செயலி போதும்.

வீட்டுப் பயிற்சிக்குப் பத்து வாட் ஆம்ப் தாராளம். ஹெட்போன் துளை உள்ளதா என்று பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் அயலவரோடு மனஸ்தாபம் வராமலிருக்க அது மிக முக்கியம். ஹெட்போனிலும் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எல்லை வகுத்திருக்கிறது. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

முதல் கிட்டாருக்கு அசையாத பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் வந்து நிற்கும் பாகம்) உள்ளதே நல்லது. நெம்புகோல் வைத்த, குறிப்பாக ஃப்ளொயிட் ரோஸ் வகைப் பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தாலே மற்ற ஐந்தின் சுருதியும் கலைந்துவிடும். சரிசெய்யப் புதியவரால் இலகுவில் முடியாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் ஆம்பில் இணைக்காமல் பாருங்கள். கிட்டாரின் உடல் பக்கமிருந்து தலை நோக்கி, கழுத்தின் ஓரத்தோடு ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருக்கும் கழுத்தை வாங்காதீர்கள். மெல்லிய முன் வளைவு இருக்கலாம். உள்ளே இருக்கும் இரும்புக் கோலைத் திருகி அதைச் சரிசெய்யலாம். கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை வழுக்கிப் பாருங்கள். குறுக்கே பதித்த ஃபிரெட் நுனிகள் கீறினால் அது முடிக்காமல் விட்ட வேலை.

அடுத்து ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். 22 ஃபிரெட், ஆறு கம்பி: மொத்தம் 132 ஒலிகள். சில நிமிட வேலைதான். எங்காவது ஒலி செத்துப்போனாலோ, கம்பி அடுத்த ஃபிரெட்டில் பட்டு நரநரத்தாலோ அந்த இடத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

பிறகு 12ஆவது ஃபிரெட் சோதனை. ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டினால் மணி போன்ற ஒலி வரும். அதே இடத்தை அழுத்தி மீண்டும் மீட்டுங்கள். இரண்டுக்கும் ட்யூனர் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். விலகினால் பிரிட்ஜிலுள்ள சிறு திருகை நகர்த்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். திருகு கடைசி வரை போயும் சரிவரவில்லை என்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். புதுக் கம்பி மாட்டித் தரக் கேளுங்கள்.

கடைசியாக ஆம்பில் இணையுங்கள். வொலியும், டோன் குமிழ்களை மெதுவாகத் திருப்பும்போது கரகரப்பு வரக்கூடாது. பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒலி வர வேண்டும். வயர் செருகும் துளையை மெல்ல அசைக்கும்போது சத்தம் அறுந்து அறுந்து வந்தால் இணைப்பு தளர்வு. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் லேசான இரைச்சல் இயல்பு. கம்பியைத் தொட்டதும் அது குறைந்தால் கவலையில்லை. தொட்டதும் கூடினால் உள் வயரிங்கில் பிழை.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஃபெண்டரின் மலிவு வரிசை ஸ்குவையர், கிப்சனுடையது எபிஃபோன். யமஹா பசிஃபிகா, ஐபனெஸ் ஜியோ ஆகியனவும் உலகெங்கும் ஆரம்பக்காரர்கள் வாங்குபவை. பெயர் கேள்விப்படாத கிட்டார் எல்லாம் மோசமும் அல்ல. மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் தாராளமாக வாங்கலாம். ஆனால் புத்தம் புதிய "ஃபெண்டர்" என்று சொல்லி, ஸ்குவையரைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் தந்தால், அது ஃபெண்டராக இருக்க வாய்ப்பில்லை. தொடர் இலக்கம், எழுத்தின் வடிவம், தயாரித்த நாடு ஆகியவற்றை நிறுவனத்தின் தகவலோடு ஒப்பிடுங்கள். தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதையும், பாவித்ததைப் புதியது என்று விற்பதையும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது.

பற்றுச்சீட்டு: கேட்டால் தரவே வேண்டும்

கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது அதே சட்டப்படி வியாபாரியின் கடமை. "ஒரு கிட்டார்" என்று மட்டும் எழுதிய துண்டு போதாது. திகதி, கடையின் பெயர், முகவரி, தயாரிப்பின் பெயர், மொடல், தொடர் இலக்கம், செலுத்திய தொகை, புதியதா பாவித்ததா, உத்தரவாதம் எத்தனை மாதம், அது எதை உள்ளடக்கும் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். "ஒரு வருஷம் நாங்க பார்த்துத் தாறோம்" என்ற வாய்வார்த்தையைச் சீட்டின் பின்புறத்திலாவது எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் சீட்டு பெற்றோர் பெயரில் இருக்கட்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வாசகம் பலரை வாயடைக்க வைக்கிறது. மனம் மாறியதற்காகவோ நிறம் பிடிக்காததற்காகவோ திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லைதான். ஆனால் குறைபாடுள்ள பொருளுக்கான பொறுப்பு அந்த ஒரு வரியால் கழன்றுவிடாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இத்தகைய தட்டிக்கழிப்புகளுக்கு எல்லை போட்டிருக்கிறது.

பாவித்தது வாங்கும்போது

தெரிந்தவரிடம் பாவித்த கிட்டார் வாங்குவது பல சமயம் நல்ல பேரம். ஆனால் தன் கிட்டாரை விற்கும் தனிநபர் வியாபாரி அல்ல. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் அவர்மீது முறைப்பாடு செய்ய வழியில்லை, தரம் பற்றிய எழுதாத நிபந்தனையும் பொருந்தாது. ஆகவே சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொடர் இலக்கம், தொகை ஆகியவற்றோடு ஒரு கடதாசி எழுதிக்கொள்ளுங்கள். பொருள் திருட்டு என்று பின்னர் தெரிந்தால் உரியவருக்கு அது திரும்பிப் போகும். நீங்கள் தெரியாமல் வாங்கியதைக் காட்ட அந்தக் கடதாசி உதவும்.

பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ படம் பார்த்து, "இன்று முற்பணம் போட்டால்தான்" என்று அவசரப்படுத்துபவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம். பொதி வீட்டுக்கு வந்தால், பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்தே வீடியோ எடுங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் படம் பிடித்து வையுங்கள். மின்னணுப் பதிவுகளுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அங்கீகாரம் தருகிறது.

உயிரோடு விளையாடும் இடம்

கிட்டாரின் உலோகக் கம்பிகள் வயர் வழியாக ஆம்பின் உலோகப் பாகத்தோடும், அங்கிருந்து மூன்று முனை ப்ளக் வழியாக ஏர்த்தோடும் இணைந்திருக்கும். ஏர்த் இல்லாத வீட்டில் ஆம்புக்குள் கோளாறு வந்தால் அந்த மின்சாரம் கம்பி வழியாக விரலுக்கு வரும். மறு கை மைக்கைத் தொட்டாலோ, வெறுங்கால் ஈரச் சீமெந்துத் தரையில் இருந்தாலோ அது உடலுக்குள் பாயும். 1972இல் பிரித்தானிய கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி ஸ்வான்சி நகர மேடையில், ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டில் கிட்டார் வாசிக்கையில் மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஆம்பின் பின்புறம் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். யப்பானிலிருந்து வரும் பாவித்த ஆம்ப்கள் 100 வோல்ட்டுக்குரியவை. மாற்றி இல்லாமல் செருகினால் எரிந்துவிடும். ஏர்த் முனையை வெட்டுவது, பேனா மூடியால் ப்ளக் பொயின்ட்டைத் திறந்து இரு முனையைத் திணிப்பது இரண்டும் வேண்டாம். பழைய வீடு, லயம் என்றால் ஏர்த் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தகுதியான மின்னியலாளரைக் கொண்டு பாருங்கள். கிட்டாரைத் தொடும்போது லேசாகச் சுரீர் என்றாலும் அன்றே நிறுத்துங்கள்.

மழையையும் மறக்காதீர்கள். நாவலப்பிட்டி ஈரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், கழுத்து மெல்ல அசையும். வாசித்ததும் கம்பியைத் துடைத்து, பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள். பருவகாலத்தோடு கழுத்து சிறிது அசைவதற்கு செட்டிங்தான் பரிகாரம். அதைக் கடையின் குறையாக முறையிட முடியாது.

குறை வந்தால்

நீங்களே கழற்ற வேண்டாம். குறையை வீடியோ எடுத்து, கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். என்ன பிழை, என்ன வேண்டும் (மாற்றமா, பணமா, திருத்தமா), எந்தத் திகதிக்குள் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான்.

தீரவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. வழிகாட்டலுக்கு 1977ஐ அழைக்கலாம். ஆனால் உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றிய முறைப்பாடு, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். விசாரணையில் குறை உறுதியானால் நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணம் திரும்பத் தருமாறு அதிகாரசபை உத்தரவிடலாம். உத்தரவாத அட்டை ஒரு வருடம் என்று சொன்னாலும் இந்த மூன்று மாதம் நீளாது. "அடுத்த கிழமை வாங்க, பொருள் வரல" என்று இழுத்தடிக்கப்படும் காலமும் அதற்குள்தான் அடங்கும். இரண்டு தவணைக்கு மேல் பொறுக்காமல் எழுதிவிடுங்கள். சீட்டு, உத்தரவாத அட்டை, விளம்பரம் ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் இணைத்து, மூலத்தை வீட்டில் வையுங்கள்.

தமிழிலேயே எழுதலாம். அரசாங்க அலுவலர்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. கண்டி மாவட்டத்துக்கும் அது பொருந்தும். தனிநபரோடு வரும் பணத் தகராறுக்கு இணக்கசபை இருக்கிறது; இத்தகைய சிறு தொகைகளுக்கு நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். முற்பணம் வாங்கி ஆள் மறைந்துவிட்டால் உடனே வங்கிக்கும் பிறகு பொலிஸுக்கும் அறிவியுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஏற்கெனவே வாங்கி, சரியாக ஒலிக்காத கிட்டாரை மூலையில் சாத்தி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பற்றுச்சீட்டின் திகதியை. மூன்று மாதம் கடக்கவில்லை என்றால் கடிதத்தை இன்றே எழுதுங்கள். கடந்திருந்தால் உத்தரவாத அட்டையோடு கடைக்கு எழுத்தில் அறிவித்து, அதற்கும் மசியாவிட்டால் இணக்கசபைக்குப் போங்கள்.