சொந்தக்காரர் இல்லாத கம்பெனி

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையில்லை, நிதானமாகவே பேசலாம். நம் ஊரில் ஒரு பொறியியல் கம்பெனி நன்றாக வளர்ந்துவிட்டால் எல்லோரும் கேட்பது, "பெரியவருக்குப் பிறகு யார்?" என்றுதான். மகனுக்கு அதில் மனமில்லை என்றால் கம்பெனி கைமாறிவிடும். அண்ணன் தம்பிக்குள் ஒத்துவரவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகும். லண்டன் ஃபிட்ஸ்ராய் தெருவில் இருக்கிற ஆரப் நிறுவனம் இதற்கு வேறொரு வழி கண்டுபிடித்தது.

ஓவே ஆரப் 1895-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். தந்தை டென்மார்க்காரர், தாய் நார்வேக்காரர். கோபன்ஹேகனில் முதலில் தத்துவம் படித்தார், அப்புறம்தான் பொறியியல். 1934-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பெங்குவின்களுக்காக ஒரு குளம் கட்டினார்கள். நடுவே ஒரு தூண்கூட இல்லாமல், ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு மெல்லிய கான்கிரீட் சரிவுகள் அதில் உண்டு. கட்டடக் கலைஞர் லுபெட்கின் வரைந்ததை நிற்கவைத்தவர் ஆரப். 1946-இல் ஆலோசனைப் பொறியாளராகத் தனித் தொழில் தொடங்கினார், 1949-இல் கூட்டாளிகள் சேர்ந்தார்கள்.

ஆரப் நிறுவனத்தின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, அவர்கள் கட்டமைப்புப் பொறியியல் செய்த சிட்னி ஆப்பெரா ஹவுஸ். 1957-இல் போட்டியில் வென்ற படத்தில் அந்தக் கூரைகள் அழகாக இருந்தன, ஆனால் கட்டும் வழி யாருக்கும் தெரியவில்லை. எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக வெட்டலாம் என்ற முடிவுக்கு வரவே 1961 ஆகிவிட்டது. கட்டடம் திறந்தது 1973-இல். அங்கே இளைஞராக வேலை கற்ற பீட்டர் ரைஸ்தான் பிறகு பாரிஸ் பாம்பிடூ மையத்தின் எஃகு எலும்புக்கூட்டை அமைத்தார். ஒரு வேலை ஆளைத் தயாரிக்கும், அந்த ஆள் அடுத்த வேலையைத் தாங்குவார். கம்பெனி இப்படித்தான் பெருத்தது.

1970-இல் வின்செஸ்டரில் ஆரப் தன் கூட்டாளிகளுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். தரமான வேலை, நேர்மை, ஊழியர் நலன், இவைதான் நம் நோக்கம் என்று எடுத்துச் சொன்னார். அந்தப் பத்தாண்டிலேயே உரிமை முழுவதும் ஊழியர்களின் நலனுக்கான அறக்கட்டளைக்குப் போனது. வெளிப் பங்குதாரர் கிடையாது. வாரிசும் இல்லை, விற்கவும் ஆள் இல்லை. லாபம் ஊழியருக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறது.

இதனால் என்ன பயன்? லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் ஆரப் பொறியியல் செய்த மில்லேனியம் நடைபாலத்தைப் பாருங்கள். 2000 ஜூன் 10-ஆம் தேதி திறந்தார்கள், கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடினார்கள். நாம் நடக்கும்போது இடது காலும் வலது காலும் மாறி மாறிப் பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளுகின்றன, ஏறக்குறைய விநாடிக்கு ஒரு சுற்று. பாலத்தின் இயல்பான ஆட்டமும் அந்த வேகத்தை ஒட்டியே இருந்தது. லேசாக ஆடியதும் மக்கள் விழாமலிருக்கக் காலை அகட்டி, தம்மை அறியாமலே ஆட்டத்தோடு அடி வைத்தார்கள். ஆட்டம் இன்னும் கூடியது. அன்றைய பிரிட்டிஷ் விதிகள் மேலும் கீழுமான அதிர்வைத்தான் கவனித்தன.

ஆரப் பொறியாளர்கள் தங்கள் ஊழியர்களையே பாலத்தில் நடக்கவிட்டு அளந்தார்கள். காரின் ஷாக் அப்சார்பர் மாதிரியான தணிப்பான்களைப் பொருத்தினார்கள், செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு. 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு செய்ததுதான். ஆய்வு முடிவுகளை ஒளிக்காமல் வெளியிட்டார்கள், உலகின் மற்ற பொறியாளர்களும் பாடம் கற்கட்டும் என்று. பங்கு விலைக்குப் பயப்பட வேண்டிய கம்பெனிக்கு இவ்வளவு துணிச்சல் எளிதில் வராது.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. சென்னை மணப்பாக்கத்தில் பெரிய வளாகம் வைத்திருக்கும் பொறியியல் நிறுவனமான எல் அண்ட் டி-யை 1938-இல் பம்பாயில் தொடங்கியவர்கள் இரண்டு டென்மார்க்காரர்கள். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றாலும், 2003-வாக்கில் வெளியார் கைக்குப் போகவிருந்த சூழலில் அதன் பங்குகளில் ஒரு பகுதி ஊழியர் அறக்கட்டளைக்கு வந்தது. கோவையிலோ அம்பத்தூரிலோ பட்டறை நடத்துகிறவர்கள், வாரிசுப் பேச்சு எழும்போது இந்த வழியைப் பற்றியும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளுக்குள் சண்டை வருவதற்கு முன்பே கேளுங்கள்.