ஓசை நின்ற இடம்

நுழையும்முன்
இயங்கிக்கொண்டிருந்த கருவி திடீரென நின்றால் அதைத் தட்டிப் பார்ப்பதே பலரின் முதற்செயல். காரணத்தை வரிசைப்படி தேடுவதே அறிவியல் நெறி. ஒலி நின்றுபோன ஆம்ப்ளிஃபயர் என்னும் பெருக்கியைக் கொண்டு அந்நெறியை இப்பாடம் விளக்குகிறது.

காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சிராப்பள்ளி நகரினூடே ஓடி வயல்களை அடைகிறது. இத்தகைய வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் நடுவிலுள்ள மதகில் பார்க்கலாம். அங்கே நீர் இருந்தால் அடைப்பு அதற்குக் கீழே, இல்லையெனில் மேலே. ஒரே பார்வையில் தேட வேண்டிய தொலைவு பாதியாகிவிடும். திருவரங்கத்து இசைமேடையொன்றில் கித்தாரின் பெருக்கி ஊமையானாலும் கையாளத்தக்க முறை இதுவே.

ஒலியின் வழி

மின்கித்தாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட செம்புக்கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. இம்மின்குறிகை வடத்தின் வழியே முன்பெருக்கியை அடைந்து வலுப்பெறுகிறது. திறன்பெருக்கி அதற்கு ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலைத் தருகிறது. 1939இல் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்திலும், ஒலிவாங்கி தரும் மெல்லிய மின்குறிகை படிப்படியாகப் பெருக்கப்பட்ட பின்னரே வானலைகளில் ஏறுகிறது.

தேடும் வரிசை

முதலில் பெருக்கியின் விளக்கைக் காண வேண்டும். அது எரியவில்லையெனில் பிளக், மின்வடம், ஃபியூஸ் ஆகியவற்றை, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு ஆராய வேண்டும். எரிந்த ஃபியூஸுக்கு ஈடாக அதே அளவுடையதையே பொருத்த வேண்டும். தடித்த கம்பியைச் சுற்றிவைப்பது தீவிபத்தை வரவழைக்கும். புதியதும் உடனே எரிந்தால் முயற்சியை நிறுத்திவிட வேண்டும்.

விளக்கு எரிந்தும் ஓசை இல்லையெனில், கித்தாரின் ஒலியளவுக் குமிழைப் பார்த்தபின் வேறு வடத்தை இணைக்கலாம். இடையில் பெடல் இருந்தால் அதைத் தவிர்த்து நேரடியாக இணைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் ஓசை திரும்பினாலும் காரணம் விளங்காது.

பல பெருக்கிகளின் பின்புறத்தில் முன்பெருக்கியின் வெளிவாயும் திறன்பெருக்கியின் உள்வாயும் அமைந்திருக்கும். அதுவே நடு மதகு. ஒலியளவைக் குறைத்துக்கொண்டு, வேறொரு கருவியின் மின்குறிகையை அந்த உள்வாயில் செலுத்தலாம். ஓசை எழுந்தால் பழுது முன்பாதியில் உள்ளது. எழாவிடின் பின்பாதியில் உள்ளது.

கைவைக்கக் கூடாத எல்லை

பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் பணி. மின்னிணைப்பை எடுத்த பின்னரும் மின்தேக்கிகள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். வால்வு வகைப் பெருக்கிகளில் அம்மின்னழுத்தம் சில நூறு வோல்ட் அளவில் இருப்பதால் உயிருக்கே தீங்கு நேரலாம். ஆயினும், பழுது எந்தப் பாதியில் என்று கண்டறிந்து சொல்பவர், பழுதுநீக்குவோரின் வேலையில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகிறார்.

தெரிந்து தெளிவோம்
திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா (1935–2008), திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றவர். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றினார்.