உரிமையாளர் இல்லாத விலை

முதலாளித்துவமா, கட்டளைப் பொருளாதாரமா என்று எழும் வாதங்களில் இரண்டு கேள்விகள் எப்போதும் பின்னிக்கொண்டே வருகின்றன. ஆலைகளும் நிலங்களும் தனியார் கையில் இல்லாத நாட்டில் எதை, எவ்வளவு, யாருக்காக உற்பத்தி செய்வது என்று கணக்கிட முடியுமா என்பது ஒன்று. அவை தனியார் கையில் இருப்பது நியாயம்தானா என்பது மற்றொன்று. முன்னது நடைமுறை பற்றியது, பின்னது அறம் பற்றியது. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததைக் காட்டித் தனியுடைமையின் நியாயம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்பவர்களும், தனியுடைமை விளைவித்த ஏற்றத்தாழ்வைக் காட்டி மையத் திட்டமிடல் நடைமுறைக்கு ஏற்றதே என்பவர்களும், ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கும் எழுதிவிடுகிறார்கள். இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன, எங்கே மெய்யாகவே சந்திக்கின்றன என்பதைச் சோவியத் அனுபவத்தைப் போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறில்லை.

கட்டளைப் பொருளாதாரம் என்பது, உற்பத்திச் சாதனங்கள் அரசுக்குச் சொந்தமாக இருந்து, எந்த ஆலை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சந்தை விலைக்குப் பதிலாக மேலிருந்து வரும் ஆணை தீர்மானிக்கும் ஏற்பாடு. சோவியத் நாட்டில் இப்பணிக்கென 1921-இல் கோஸ்பிளான் என்னும் அரசுத் திட்டக்குழு அமைக்கப்பட்டது. 1928-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. திட்டக்குழுவின் முதன்மையான கருவி பொருள் இருப்புக் கணக்கு எனப்பட்டது. எஃகு, நிலக்கரி, சிமென்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் எழுதப்படும். ஒரு பக்கத்தில் எங்கெங்கிருந்து எத்தனை டன் வரும் என்பதும், மறுபக்கத்தில் யார் யாருக்கு எத்தனை டன் போகும் என்பதும் இடம்பெறும். இரு பக்கமும் சமமாகும்வரை அமைச்சகங்களுக்கும் ஆலைகளுக்கும் இடையே கடிதங்களும் பேரங்களும் நடக்கும். எஃகின் அளவைக் கூட்டினால் நிலக்கரியின் தேவை கூடும், நிலக்கரியைக் கூட்டினால் சுரங்க இயந்திரங்களுக்கு மேலும் எஃகு வேண்டும் என்று ஒரு பட்டியலில் செய்யும் திருத்தம் மற்றப் பட்டியல்களையெல்லாம் கலைத்துவிடும் என்பதால், ஆண்டுத் திட்டம் இறுதியாவதற்குள் அந்த ஆண்டே தொடங்கிவிடுவது வழக்கமாயிற்று.

இந்த முறை முழுத் தோல்வி என்று சொல்வது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. உழவர் நாடாக இருந்த ஒன்றை ஒரு தலைமுறைக்குள் கனரகத் தொழில் நாடாக மாற்றியதும், இரண்டாம் உலகப் போரில் பீரங்கி வண்டிகளைப் பெருந்தொகையில் உருவாக்கியதும் இதே முறைதான். நோக்கம் ஒன்றாகவும் எளிதில் அளக்கக்கூடியதாகவும் இருக்கும் இடத்தில் ஆணை நன்றாகவே வேலை செய்தது. நோக்கங்கள் பலவாகி, பொருள்களின் தரமும் வகையும் முக்கியமானபோது அது தடுமாறியது. சரவிளக்கு செய்யும் ஆலைகளின் உற்பத்தி டன் கணக்கில் அளக்கப்பட்டதால், அழகான விளக்குகளுக்குப் பதிலாக மிகவும் கனமான விளக்குகளே செய்யப்படுகின்றன என்று 1959-இல் சோவியத் தலைவர் நிக்கிதா குருஷ்சேவே குறைகூற நேர்ந்தது. ஆலை மேலாளரை இதற்காகக் குற்றம்சாட்ட முடியாது; எடைக்குத்தான் பரிசு என்றால் அவர் எடையைத்தான் தருவார்.

விலை என்பது அங்கே ஒரு கொள்கை முடிவு. இதன் இனிய பக்கத்தைத் தமிழ் வாசகர்களும் அறிவார்கள்: மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக இங்கு விற்ற கெட்டி அட்டை நூல்களின் விலை, தாளுக்கும் அச்சுக்கும் ஆன செலவோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் அத்தனை குறைவாக இருந்தது. வாசகருக்கு அது வரம். ஆனால் ஒரு நாட்டில் எல்லாப் பொருள்களின் விலையும் இப்படி ஆகிவிட்டால், எதைச் செய்வதில் எவ்வளவு வளம் கரைகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோலே இல்லாமற் போகிறது.

இந்தச் சிக்கலை முன்கூட்டியே எழுப்பியவர் வியன்னாவைச் சேர்ந்த பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ். உற்பத்திச் சாதனங்களுக்குத் தனி உரிமையாளர்கள் இல்லையென்றால் அவை வாங்கி விற்கப்படுவதில்லை, வாங்கி விற்கப்படாதவற்றுக்கு உண்மையான விலை உருவாவதில்லை, விலை இல்லாத இடத்தில் பகுத்தறிவுக்கு உகந்த கணக்கீடு நடக்க முடியாது என்று 1920-இல் அவர் எழுதினார். இதற்கு 1930-களில் மறுப்புக் கூறிய போலந்துப் பொருளியலாளர் ஓஸ்கர் லாங்கே, திட்டக்குழுவே தோராயமாக விலைகளை அறிவித்து, தட்டுப்பாடு தோன்றும் பொருளுக்கு விலையை உயர்த்தியும் தேங்கும் பொருளுக்குக் குறைத்தும் வந்தால், சந்தை செய்வதை உரிமையாளர்கள் இல்லாமலே செய்துவிடலாம் என்றார். விலை வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விலைக்கு உரிமையாளர் வேண்டுமா என்பதே வழக்கு.

அந்த வழக்கில் மிக விசித்திரமான சாட்சியம் லெனின்கிராடிலிருந்து வந்தது. அங்குள்ள ஒட்டுப்பலகை நிறுவனத்தின் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள், 1938-இல் லியோனித் கந்தரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியரிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். மரத்தைச் சீவும் இயந்திரங்கள் எட்டு. சீவ வேண்டிய மர வகைகள் ஐந்து. ஒவ்வொரு இயந்திரத்தின் வேகமும் ஒவ்வொரு மரத்துக்கும் வெவ்வேறாக இருந்தது. ஐந்து வகைச் சீவல்களும் குறிப்பிட்ட விகிதத்தில் கிடைக்க வேண்டும், மொத்த உற்பத்தியும் மிகக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றால் எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தைக் கொடுப்பது என்பதே கேள்வி. வேகமான இயந்திரத்துக்கு அது வேகமாகச் சீவும் மரத்தைக் கொடுத்தால் போதும் என்று முதலில் தோன்றும்; ஆனால் அந்த இயந்திரம் எல்லா மரங்களிலும் வேகமானதாக இருந்தால், அதை எந்த மரத்துக்கு ஒதுக்குவது என்பதற்கு வேகம் மட்டும் விடை சொல்லாது. வழக்கமான வழியில் தீர்க்கப் புகுந்தால், பன்னிரண்டு மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதிகளைக் கோடிக்கணக்கில் தீர்க்க வேண்டியிருந்தது.

கந்தரோவிச் கண்ட வழி வேறு. ஒவ்வொரு மர வகைக்கும் ஓர் எண்ணை அவர் இணைத்தார். அந்த வகையில் ஓர் அலகு கூடுதலாகப் பெற மற்ற வகைகளில் எவ்வளவு இழக்க வேண்டும் என்பதை அந்த எண் குறித்தது. பிறகு எந்த மரத்தைச் சீவினால் இந்த எண்ணின்படி மதிப்பு கூடுதலோ, அந்த மரம் அந்த இயந்திரத்துக்கு. எண்களைச் சற்றுச் சற்றாகத் திருத்திக்கொண்டே போனால் விகிதமும் கைகூடும், உற்பத்தியும் உச்சத்தைத் தொடும். இன்று நேரியல் நிரலாக்கம் என்று உலகெங்கும் கற்பிக்கப்படும் இம்முறையை 1939-இல் அவர் சிறு நூலாக வெளியிட்டார். அந்த எண்களைப் பொருளியல் நூல்கள் நிழல் விலை என்று அழைக்கின்றன. வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை, முதலாளியும் இல்லை. ஆயினும் கணக்கைச் சரியாகப் போட முயன்ற இடத்தில் விலை தானாக முளைத்துவிட்டது.

இந்தக் கண்டுபிடிப்பு இரு தரப்பையும் சங்கடப்படுத்தியது. உரிமையாளர் இல்லாமல் விலை இல்லை என்ற மீசஸின் கூற்று கணித அளவில் உடைந்தது. மதிப்புக்கு உழைப்பே மூலம் என்ற அதிகாரபூர்வக் கோட்பாட்டோடு, பொருளின் அருமையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இந்த எண்கள் ஒத்துப்போகவில்லை. நாட்டின் பொருளாதாரம் முழுவதற்கும் இதை விரித்துக் கந்தரோவிச் 1942-இல் எழுதி முடித்த நூல் 1959-இல்தான் அச்சேறியது. அவருக்கு 1965-இல் லெனின் பரிசும், 1975-இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தன. திட்டக்குழுவின் அன்றாட நடைமுறை மட்டும் பெரிதாக மாறவில்லை.

மாறாததற்குக் கோட்பாட்டுப் பிடிவாதம் ஒரு காரணம் மட்டுமே. ஒட்டுப்பலகைக் கணக்கில் எட்டு இயந்திரங்களின் வேகமும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. நாடு முழுவதற்கும் அத்தகைய விவரங்களை யார் தருவது? உற்பத்திக்குத் தேவையான அறிவு, இன்ன இயந்திரம் இன்று பழுது, இன்ன கிடங்கில் சரக்கு மிச்சம் என்று எண்ணற்றவர்களின் தலைகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, அதை ஓரிடத்தில் திரட்ட இயலாது, விலை வழியாகவே அது பரவுகிறது என்று பொருளியலாளர் ஃப்ரீட்ரிக் ஹாயெக் 1945-இல் வாதிட்டார். சோவியத் நடைமுறையில் இதைவிடக் கடினமான இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: அறிவு சிதறிக் கிடந்ததோடு, மறைக்கவும் பட்டது. ஆலையின் உண்மையான திறனை மேலிடத்துக்குத் தெரிவித்தால் அடுத்த ஆண்டு இலக்கு உயரும் என்பதை அறிந்த மேலாளர்கள் அதைக் குறைத்தே காட்டினார்கள். தேவையான மூலப்பொருளைக் கூடுதலாகக் கேட்டுப் பதுக்கினார்கள். வராத சரக்கைத் தேடிப் பிடித்துவர ‘தொல்காச்’ எனப்பட்ட தரகர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். ஆணையின் பொருளாதாரம் அன்றாடம் நகர்ந்தது இந்தத் தரகர்களின் காலில்தான்.

உடைமை பற்றிய கேள்வி நடைமுறைக் கேள்வியைச் சந்திப்பது இந்த இடத்தில்தான். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்நாய், 1980-இல் வெளியான தட்டுப்பாடு பற்றிய தம் நூலில், அரசு ஆலைகளின் அடிப்படைக் குறையை ‘இளகிய வரவுசெலவுக் கட்டுப்பாடு’ என்று விளக்கினார். நட்டம் வந்தால் அரசு ஈடுகட்டிவிடும் என்று மேலாளருக்குத் தெரிந்திருக்கும்வரை, விலை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவர் அதற்குச் செவிசாய்க்க வேண்டியதில்லை. விலையைக் கணக்கிட உரிமையாளர் தேவையில்லை என்பதைக் கந்தரோவிச் காட்டினார். அந்த விலை உறைக்க வேண்டுமானால் இழப்பைத் தாங்கும் ஒருவர் வேண்டும் என்பதைக் கோர்நாய் காட்டினார். தனியுடைமைக்காகச் சொல்லப்படும் நடைமுறைக் காரணங்களில் வலுவானது இதுவே. அதே சமயம் அது முதலாளித்துவத்தையும் அளக்கும் கோல்: 2008-இல் தள்ளாடிய நிதி நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த அமெரிக்க நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கியபோது, இலாபம் தனியாருக்கும் நட்டம் பொதுவுக்கும் என்றான அந்த ஏற்பாட்டில் தனியுடைமையின் பெயர் இருந்ததே தவிர, அதை நியாயப்படுத்தும் காரணம் இருக்கவில்லை.

சோவியத் கூட்டுப் பண்ணைகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் விடப்பட்ட வீட்டுத் தோட்டங்களும் இவ்வாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. பொதுவாகக் கால் முதல் அரை ஹெக்டேர் வரையிருந்த இத்துண்டுகள் மொத்தச் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 3 சதவீதமே. வேளாண் விளைபொருள் மதிப்பிலோ சுமார் கால் பங்கு அவற்றிலிருந்து வந்தது. இந்த எண்களை அப்படியே நிறுத்திப் பார்ப்பது தவறு. அத்தோட்டங்களில் காய்கறி, பால், இறைச்சி போன்ற விலை கூடிய பொருள்களே விளைந்தன, கால்நடைகளுக்குத் தீவனமும் பெரும்பாலும் பொதுப் பண்ணையிலிருந்தே வந்தது. இவற்றைக் கழித்த பிறகும், விளைச்சல் தனக்கே என்றால் உழைப்பு வேறாகிறது என்பது மிஞ்சும்.

இனி அறம். உடைமைக்கு நியாயம் கற்பித்தவர்களில் முதன்மையானவரான ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், இயற்கையில் கிடந்ததோடு தன் உழைப்பைக் கலப்பவன் அதைத் தனதாக்கிக்கொள்கிறான் என்று 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். பிறருக்கும் போதிய அளவும் அதே தரத்திலும் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தார். மார்க்ஸின் எதிர்வாதம் இதே அடித்தளத்திலிருந்து எழுகிறது: ஆலையில் உழைப்பைக் கலப்பவர் தொழிலாளி, விளைபொருள் உரிமையாவது ஆலை முதலாளிக்கு. மார்க்சியம் மறுத்தது உற்பத்திச் சாதனங்களின் தனியுடைமையைத்தான்; உடுத்தும் துணியையும் குடியிருக்கும் வீட்டையும் அன்று. சோவியத் நாட்டின் 1936 அரசியலமைப்பு, சேமிப்பு, வீடு, வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றின் சொந்த உடைமையையும் அவற்றின் வாரிசுரிமையையும் பாதுகாத்தது. ஆனால் அந்த வேறுபாட்டை எந்த எல்லையில் வரைவது என்பதைக் கூட்டுப் பண்ணையாக்கம் இரத்தத்தால் எழுதியிருந்தது. ஓரிரு மாடுகள் கூடுதலாக வைத்திருந்தவரும் பணக்கார உழவர் என்று முத்திரை குத்தப்பட்டு நாட்டின் தொலைவான பகுதிகளுக்கு விரட்டப்பட்டார். 1932-33 பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். உடைமை அநீதி என்று கொண்டாலும், அதைப் பறிக்கும் முறைக்கும் ஓர் அறம் வேண்டும் என்பதை அந்த ஆட்சி ஒப்புக்கொள்ளவில்லை.

உடைமையைத் திருப்பிக் கொடுக்கும் முறைக்கும் அறம் வேண்டும் என்பதை அடுத்து வந்த ஆட்சி ஒப்புக்கொள்ளவில்லை. ரஷ்யாவில் 1992 அக்டோபர் முதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அரசு ஆலைகளில் பங்கு பெற 10,000 ரூபிள் முகமதிப்புள்ள சீட்டு வழங்கப்பட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு விலைவாசி விண்ணைத் தொட்டதால், பலர் அதைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார்கள். பெரும் நிறுவனங்கள் சில 1995-இல் கடனுக்கு ஈடாகப் பங்கு என்ற திட்டத்தின்கீழ் கைமாறின: அரசுக்கு வங்கிகள் கடன் தரும், பங்குகள் அடகாகும், கடன் திரும்பாவிட்டால் பங்குகள் போய்விடும். ஏலத்தை நடத்திய வங்கிகளோடு தொடர்புடையவர்களே ஏலத்தை எடுத்தார்கள். உலகின் மிகப்பெரிய நிக்கல் நிறுவனங்களில் ஒன்றான நொரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதப் பங்கு சுமார் 17 கோடி டாலருக்குப் போனது. இழப்பைத் தாங்கும் உரிமையாளர்கள் வந்துவிட்டார்கள் என்று சீர்திருத்தவாதிகள் நிம்மதி அடைந்திருக்கலாம். ஆனால் உழைப்பைக் கலந்ததாலும் இல்லை, நேர்மையாக வாங்கியதாலும் இல்லை என்று ஊரறிந்த உடைமைக்கு மக்களின் மனத்தில் வேர் இருக்கவில்லை. அதே திட்டத்தில் கைமாறிய யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் மிகயீல் கதர்கோவ்ஸ்கி 2003-இல் கைதாகி, மறு ஆண்டு அதன் முதன்மையான எண்ணெய் வயல் நிறுவனம் ஏலம் விடப்பட்டு அரசின் ரோஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் கைக்குச் சென்றபோது, சட்டத்தின் பெயரால் நடந்த அந்தப் பறிப்பை எதிர்த்து ரஷ்யத் தெருக்களில் பெருந்திரளாகக் கூடியவர்கள் எவருமில்லை.