தங்கமீனுக்கும் வேண்டும் கீரையும் பயறும்



உங்கள் இல்லத்துக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறதா? அதில் தங்கமீன்கள் நீந்தி விளையாடுகின்றனவா? அப்படியாயின், அவற்றுக்கு நீங்கள் என்ன உணவு தருகிறீர்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் பஜ்ருத் தொழுகை முடிந்து வீடு திரும்பினேன். என் இளைய மகள் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். "அத்தா, மீன் மல்லாந்து மிதக்கிறது!" என்றாள். ஓடிச் சென்று பார்த்தேன். வயிறு உப்பிப் போய்க் கிடந்தது. செவுள்கள் மட்டும் மெல்ல அசைந்தன. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. முந்தைய நாள் மகள் ஒரு முறை, மகன் ஒரு முறை, என் தாயார் ஒரு முறை என்று ஒவ்வொருவரும் உலர்ந்த குருணைத் தீவனத்தைத் தூவியிருக்கிறார்கள். அன்பினால் செய்ததுதான்; ஆனால் அந்த அன்பே அதற்கு வினையாகிவிட்டது.

மீன் வளர்ப்பில் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் வழி கூறினார். இரண்டு நாள் உணவே தரவில்லை. மூன்றாம் நாள், வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியைச் சிறிது மசித்துக் கொடுத்தோம். நான்காம் நாள் மீன் நிமிர்ந்து நீந்தியது. எல்லா மீனும் இப்படிப் பிழைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. வருமுன் காப்பதே அறிவுடைமை.

கெண்டை இனத்தைச் சேர்ந்த தங்கமீன், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீன நாட்டில் வளர்ப்பு மீனாக்கப்பட்டது. அதற்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. ஆகவே ஒரே வேளையில் மிகுதியாக உண்பது அதற்கு ஒவ்வாது. குளத்தில் வாழ்ந்தால் புழு பூச்சிகளோடு பாசியையும் நீர்ச்செடிகளையும் மேய்ந்து உண்ணும். தொட்டியில் நாமோ நார்ச்சத்துக் குறைந்த உலர் தீவனத்தையே நாள்தோறும் தருகிறோம். மலச்சிக்கலால் குடல் உப்பிக் காற்றுப்பையை அழுத்தினால், மீன் நிலை தடுமாறிவிடுகிறது.

கடைக்கீரை போதாதா என்று கேட்பீர்கள். கீரையில் தெளித்த பூச்சிமருந்தின் எச்சம், நமக்குத் தீங்கு செய்யாத அளவில் இருந்தாலும் மீனுக்கு நஞ்சாகலாம். வீட்டில் விளைவித்தால் அந்த அச்சம் இல்லை. அகன்ற தட்டில் மண் பரப்பி முளைக்கீரையோ பாலக்கீரையோ விதையுங்கள். நான்கு வாரங்களில் இளங்கீரை பறிக்கலாம். பாசிப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் முளை விடும்.

கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பொடியாக நறுக்குங்கள். முளைப்பயறை மென்மையாக வேகவைத்து, பச்சைத் தோலை நீக்கி மசித்துக் கொடுங்கள். பயறைப் பச்சையாகக் கொடுக்கலாகாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் உள்ளன. உப்பும் எண்ணெயும் அறவே வேண்டா.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் இவ்வாறு கொடுத்தால் போதும். மற்ற நாள்களில் தீவனத்தைச் சற்று நனைத்து இடுங்கள். புரதமும் மீனுக்குத் தேவையே. எதுவாயினும் இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இடவேண்டும். மிச்சத்தை உடனே அகற்றிவிடுங்கள். அழுகிய உணவு நீரில் அம்மோனியாவைப் பெருக்கி மீனைக் கொல்லும்.

இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு பொருட்காட்சி ஒன்றில் பரிசாகக் கிடைத்த தங்கமீன், 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999ஆம் ஆண்டில் இறந்தது. நம் வீடுகளிலோ பல மீன்கள் ஓராண்டைக்கூடக் காண்பதில்லை.

தாய்மார்களே! மீனுக்கு உணவிடும் பொறுப்பைப் பிள்ளைகளுள் ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். பயறு ஊறவைப்பதையும் கீரைக்கு நீர் ஊற்றுவதையும் அப்பிள்ளையே செய்யட்டும். பசி என்று வாய்திறந்து சொல்ல இயலாத உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். அளவறிந்து ஊட்டுவதே அதற்கு நாம் காட்டும் அன்பு.