பழைய காரின் ஒயிற் கசிவு

மாத்தளையிலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ-9 வீதி பலகடுவைக் கணவாய் வரையில் ஏறி, அப்பால் அக்குறணை நோக்கி இறங்குகின்றது. அந்த ஏற்றத்தை முடித்து ஓரமாக நிறுத்திய மொறிஸ் மைனர் காரின் அடியில் நாலைந்து சொட்டு ஒயில் விழுந்திருந்தால், உடையவர் உடனே கராஜைத் தேடுகின்றார். இணைப்புகள் யாவும் பிரிக்கப்பட்டுப் புதிய கஸ்கெட்டுகள் இடப்படுகின்றன. ஒரு மாதத்தில் சொட்டு மீண்டும் விழுகின்றது. நோய் எங்கே என்று பாராது செய்த வைத்தியம் அது. (மைனரின் உற்பத்தி 1971 இலேயே நின்றுவிட்டது, ஆயினும் 2020 இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, பழைய காரை விற்காது வைத்திருந்தவர்களே கெட்டிக்காரராயினர்.)

ஒயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே வால்வு மூடியிற் கசிந்த ஒயில் கீழே வழிய, விசிறிக் காற்று அதனைப் பின்னே தள்ளும். ஆகவே எஞ்சின் நன்றாக ஆறியபின் மண்ணெண்ணெயால் அழுக்கைக் கழுவித் துடைத்து உலரவிடுதல் வேண்டும். பின்னர் முகப்பவுடரைத் தூவி, சில மைல் ஓட்டி வந்து, டோர்ச் ஒளியிற் பார்த்தால், பவுடர் நனைந்த இடங்களுள் மிக உயரத்திலும் முன்பக்கத்திலும் உள்ளதே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடம். வால்வு மூடியின் தக்கைக் கஸ்கெட் சூட்டினால் இறுகி வெடிப்பது வழக்கம், மாற்றுவது எளிது. கசிகின்றதே என்று ஆணியை அளவுக்கு மிஞ்சி முறுக்குவோர் தக்கையை நசுக்கி, மூடியையும் வளைத்துவிடுகின்றனர்.

கஸ்கெட் வாங்குமுன் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. எஞ்சினுள் எரியும் வாயுவிற் சிறிதளவு பிஸ்டன் றிங்குகளைக் கடந்து அடியறைக்கு இறங்கும். அது வெளியேறுவதற்கென்றே மூச்சுக்குழாய் ஒன்று உளது. மெக்கானிக்குகள் பிறீதர் என்பர். அக்குழாயிற் கசடு அடைத்தால் உள்ளே அழுத்தம் பெருகி, நல்ல கஸ்கெட்டின் ஊடாகவும் ஒயிலைத் தள்ளும். குழாயைச் சுத்தம் செய்தபின்னும், ஓடும் எஞ்சினின் ஒயில் மூடியைத் திறக்கையிற் புகை குபுகுபுவென எழுமாயின் றிங்குகள் தேய்ந்துவிட்டன. புதுக் கஸ்கெட் அதற்கு மருந்தாகாது.

1952 முதல் மைனரிற் பொருத்தப்பட்ட ஏ-சீரிஸ் எஞ்சினின் பின்முனையில் இறப்பர் சீல் கிடையாது. சுழலும் தண்டில் வெட்டிய திருகுக் கோடே ஒயிலை உள்ளே திருப்புகின்றது. ஓரிரு சொட்டு அங்கே விழுவது அதன் இயல்பு. தொடர்ந்து ஒழுகினால் ஒயில் கிளச்சுத் தட்டிற் படியும். அப்போது ஏற்றத்தில் எஞ்சின் உறுமும், கார் நகராது. கியர்பெட்டியைக் கழற்றியே தட்டை மாற்றவேண்டி வரும்.