சுவரில் இறங்கும் கறள்

கண்டியின் மலைச்சரிவுகளிலே வெளிச்சுவருக்குச் சிறுகல் பூச்சு இட்ட வீடுகள் சிலவற்றைக் காணலாம். ஈரம் உலராத சீமெந்துச் சாந்தின்மீது சிறு கற்களை வீசிப் பதியவைக்கும் முறை அது. பிரித்தானியாவிலே மழைச்சாரலுக்கு அரணாகப் பெரிதும் கையாளப்பட்டது.

பெரஹரா நெருங்கும்போது வீட்டுக்காரர் அச்சுவருக்கு வெள்ளை நிறம் தீட்டுகிறார். ஐப்பசி மழை ஓயுமுன்னரே கபில நிறக் கோடுகள் பழைய இடத்திலேயே மீண்டும் இறங்கிவிடுகின்றன. மறுவருடம் விலை கூடிய பூச்சை வாங்குகிறார். பணம் போகிறது, கறை போவதில்லை. குற்றம் பூச்சில் அன்று, அதன் அடியில் இருக்கின்றது.

இரும்பும் நீரும் காற்றும் ஒன்றுகூடினாலன்றிக் கறள் உண்டாகாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரு பருவமழைகளையும் பெறும் கண்டியிலே நீருக்குக் குறைவில்லை. ஆகவே இரும்பு எங்கே உளது என்பதையே முதலில் தேடவேண்டும்.

கோடு தொடங்கும் இடமே அதனைக் காட்டிக்கொடுக்கும். பீலியைத் தாங்கும் ஆணியிலிருந்தோ யன்னல் கம்பியிலிருந்தோ தொடங்கினால் ஐயமில்லை. தனியொரு கல்லிலிருந்து கண்ணீர்போல வழிந்தால், அக்கல்லிலே இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருத்தல் கூடும். சுவர் வெடித்து, அவ்வெடிப்பு நெடுகக் கறை படிந்திருப்பின் நிலைமை பாரதூரமானது. உள்ளிருக்கும் கம்பி கறள் பிடிக்கையில் இரு மடங்குக்கு மேலாகப் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கிறது. இதற்கு நிறந்தீட்டுவோன் போதான். பொறியியலறிந்தவரை அழைத்தல் வேண்டும். சுவரின் அடியில், முழங்கால் உயரமட்டும் பரவிய செம்மையோ பெரும்பாலும் கறளே அன்று. மழைத்துளி தெறித்த மலைநாட்டுச் செம்மண். அதனைத் தண்ணீரும் தூரிகையுமே போக்கும்.

குற்றமுள்ள கல்லை உளியால் பெயர்த்துச் சாந்திட்டு வேறு கல் பதிக்கலாம். ஆணியைச் சுரண்டித் துப்புரவாக்கிக் கறள்தடுப்புப் பூச்சு இடலாம்; கறள் பிடியாத உருக்கினாலான ஆணியை மாற்றினால் இன்னும் நன்று. ஒழுகும் பீலியைத் திருத்தாது விட்டால் இவையெல்லாம் வீண்.

எஞ்சிய கறையை ஒட்சாலிக் அமிலக் கரைசலால் நீக்கலாம். அது நஞ்சு, கையுறையும் கண்காப்பும் அணிந்து, மூலையிலே சிறிது சோதித்து, பின் நன்றாகக் கழுவுதல் அவசியம். காரமான உப்பமிலத்தை ஊற்றுவோரும் உளர். அது கறையோடு சீமெந்தையும் தின்றுவிடும். இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது அதனினும் பேதைமை: முறிந்த கம்பித் துணுக்குகள் கற்களிடையே தங்கிப் புதிய கறளுக்கு வித்தாகின்றன. நைலோன் தூரிகையே தக்கது.

இவற்றின் பின்னரே நிறப்பூச்சு. புதுச் சாந்து நான்கு கிழமையாவது ஆறவேண்டும். கறை இருந்த இடங்களுக்குக் கறைதடுப்பு அடிப்பூச்சு இட்டு, உள்ளீரத்தை ஆவியாக வெளியே விடும் சுவர்ப்பூச்சை, நீண்ட மயிருடைய உருளையால் கற்களின் இடுக்குகளிலும் படியுமாறு இருமுறை பூசவேண்டும். கண்டியிலே தை பிற்பகுதி முதல் பங்குனி வரையான வறண்ட நாட்களே இதற்கு ஏற்றவை. பெரஹராவுக்காக ஆடி ஈரத்திலே அவசரமாகத் தீட்டுவோர் அந்நாட்களில் சுவரைக் கழுவி மட்டும் வைத்தால் போதும்.